வினையை விட்டு வாக்கியம் கற்பித்தல்: ஆங்கில இலக்கணப் போதனை பற்றிய ஒரு கண்டனம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஆங்கிலம் கற்பிக்கப்படத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1814ஆம் ஆண்டில் இங்கு வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் தொடங்கிய பாடசாலை இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைபெற்றிருக்கிறது. ஓல்ட் மறு ஆண்டிலேயே இறந்துபோனார். அவர் தொடங்கிய முயற்சி இறக்கவில்லை. எனினும், இத்துணை நீண்ட காலத்தின் பின்னரும், படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரும் கலைப்பீட மாணவன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, எழுவாயை வைத்து, வினையை வைத்து, அதற்கு மேல் எதை வைப்பது, எதை விடுவது என்று அறியாது திகைக்கின்றான். அத்திகைப்பைக் கண்டோர் அவனுடைய சோம்பலைக் குறைகூறுவர். அல்லது அவன் பயின்ற பாடசாலையின் வறுமையைக் குறைகூறுவர். 2009 வரை நீடித்த போர் அப்பாடசாலைகளுக்குச் செய்த கொடுமை எவரும் மறுக்கக்கூடியதன்று. ஆயின், ஆசிரியர் குறைவற்ற நகரப் பாடசாலை மாணவனும் அதே இடத்தில்தான் திகைக்கின்றான். எனவே குற்றம் வேறோரிடத்தில் உளது. வாக்கிய அமைப்பைக் கற்பித்தவர்கள் அவ்வமைப்பை உண்டாக்கும் வினையைக் கற்பிக்கவில்லை என்பதே அக்குற்றமாகும்.

றண்டோல்ஃப் குவேர்க்கும் அவருடன் மூவரும் சேர்ந்து 1972இல் வெளியிட்ட தற்கால ஆங்கில இலக்கணப் பெருநூல், ஆங்கிலத்தின் எளிய வாக்கிய அமைப்புகளை ஏழாக வகுத்தது. 1985இல் அந்நால்வரும் வெளியிட்ட இன்னும் விரிந்த நூலிலும் அவ்வேழே காணப்படுகின்றன. எழுவாயும் வினையும் மட்டும் வருவது ஒன்று. அவற்றோடு செயப்படுபொருள் வருவது, எழுவாயை விளக்கும் நிரப்பி வருவது, இடம் முதலியவற்றைக் கூறும் அடை வருவது என மேலும் மூன்று. செயப்படுபொருள் இரண்டாக வருவதும், செயப்படுபொருளோடு நிரப்பியோ அடையோ கூடிவருவதும் எஞ்சிய மூன்று. இவ்வகுப்பிற் பெருங்குறை எதுவும் இல்லை. ஓர் வாக்கியம் இவ்வேழனுள் எவ்வமைப்பைக் கொள்ளும் என்பதை அதன் வினைச்சொல்லின் வகையே தீர்மானிக்கிறது என்பதை அந்நூலாசிரியர்கள் தெளிவாக உணர்ந்தே எழுதினர்.

வகுப்பறைக்கு வரும்போது நிகழ்வது யாது? கரும்பலகையில் ஏழு வரிகள் எழுதப்படுகின்றன. வரிதோறும் எழுத்துக் குறிகள், அவற்றிடையே கூட்டற் குறிகள். அட்சரகணித சூத்திரங்கள் போலத் தோன்றும் அவற்றை மாணவர் பிரதிசெய்து மனனஞ் செய்கின்றனர். பரீட்சையிலே பத்து வாக்கியங்கள் தரப்பட்டு, ஒவ்வொன்றும் எவ்வமைப்பைச் சார்ந்ததெனக் கேட்கப்படுகிறது. மாணவனும் சரியாகவே குறித்துவிடுகின்றான். பத்துக்குப் பத்துப் பெற்ற அம்மாணவனே மறுநாள் விரிவுரையாளரிடம் ‘எக்ஸ்பிளெயின் மீ’ என்று வேண்டுகின்றான். ‘கிவ் மீ’ என்பது சரியாகும்போது ‘எக்ஸ்பிளெயின் மீ’ ஏன் பிழையாகும் என்பதை அவனுடைய ஏழு சூத்திரங்களும் அவனுக்குக் கூறவில்லை. மீனின் முட்களைப் பிழையின்றி எண்ணத் தெரிந்தவனை வாவியிலே வலையோடு இறக்கிவிட்டாற்போன்ற நிலை அவனுடையது.

இத்தகைய அட்டவணைகள் முதன்முதலில் எதற்காக எழுந்தன என்பதை நோக்குவது பயனுடைத்து. ஏ. எஸ். ஹோண்பி என்னும் ஆங்கிலேயர் 1920களில் யப்பானுக்கு ஆசிரியராகச் சென்றவர். அங்கு ஹரோல்ட் பாமர் முதலியோருடன் பணியாற்றிய அவர், யப்பானிய மாணவர் ஒரு வினையின் அமைப்பைக் கண்டு அதனோடு பொருளால் ஒத்த வேறொரு வினைக்கும் அதே அமைப்பைக் கொடுத்துப் பிழைபடுவதை அவதானித்தார். அப்பிழைகளைத் தடுக்கவே ஒவ்வொரு வினையும் எவ்வெவ்வமைப்பிற் பயிலும் என்பதை அகராதியிலே சொல்லுக்குச் சொல் குறித்தார். 1942இல் தோக்கியோவில் வெளிவந்து, பின்னர் ஒக்ஸ்போர்ட் அகராதியாக உலகெங்கும் பரவிய நூலின் தோற்றம் இதுவே. 1954இல் வெளியான அவரது வழிகாட்டி நூலில் இருபத்தைந்து வினையமைப்புகள் காணப்படுகின்றன. அவை பிழை என்னும் நோய்க்கு மருந்தாகப் பிறந்தவை. யப்பானிய மாணவனின் நோயைக் கண்டறிந்த பின்னரே ஹோண்பி மருந்தை வகுத்தார். வாவிக்கரை மாணவனின் நோய் எதுவென்று எவரும் கேளாமலே அவனுக்கு மருந்துப் பட்டியல் ஒப்புவிக்கக் கற்பிக்கப்படுகிறது.

இதனைக் கண்டு சலித்த வேறொரு சாரார் இலக்கணமே வேண்டா என்பர். பேசினால் மொழி வரும், பிழையைப் பொருட்படுத்தவேண்டியதில்லை என்பது அவர்தம் கொள்கை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவிலே என். எஸ். பிரபு நடத்திய பெங்களூர்த் திட்டத்தை இவர்கள் சான்று காட்டுவதுண்டு. பிரபுவின் முயற்சி மதிக்கத்தக்கதே. பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போது மொழியமைப்பு உள்ளத்தில் தானே படியும் என்ற கருத்தை அவர் வகுப்பறையிலே சோதித்துப் பார்த்தார். ஆயின், அவர் சோதித்தது பாடசாலைப் பிள்ளைகளிடத்து என்பதை மறத்தலாகாது. இருபது வயது கடந்து, சமூகவியலோ வரலாறோ பயிலவந்து, ஆங்கில நூலொன்றின் நீண்ட வாக்கியத்தில் எது எதைத் தழுவுகிறது எனத் தேடி இடர்ப்படும் ஒருவனுக்கு, ‘தானே படியும்வரை காத்திரு’ எனக் கூறுவது கல்வியன்று. நான்காண்டுகளில் அவன் பட்டம்பெற்றுச் சென்றுவிடுவான். வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த கொழும்பு மாணவன் இலக்கணமின்றிப் பேசுவதைக் காட்டி, வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ வந்தவனுக்கும் இலக்கணம் வேண்டா என்று விதிப்பது, பாலமுள்ள கரையில் நிற்பவன் பாலமில்லாக் கரையில் நிற்பவனைப் பார்த்துத் தோணி எதற்கு என்று கேட்பதை ஒக்கும்.

சூத்திரக்காரருக்கும் இலக்கணம் வேண்டாதாருக்கும் வெளித்தோற்றத்திலே பகை, உள்ளே ஒற்றுமை. மாணவன் வெறுங்கையோடு வந்திருக்கின்றான் என்பதில் இரு சாராரும் ஒருமித்த கருத்தினர். தமிழ் இலக்கணத்தைப் பத்தாண்டுகள் பயின்று, வேற்றுமை எட்டையும் அறிந்து வந்த ஒருவனின் அறிவு ஆங்கில வகுப்பின் வாயிலிலே செருப்பைப்போலக் கழற்றி வைக்கப்பட வேண்டியது என்று இரு சாராரும் கருதுகின்றனர். இக்கருத்தே முதலில் தகர்க்கப்பட வேண்டியது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியலிலே ஒரு தொழில் நிகழ்தற்குரிய எட்டுக் கூறுகளை வகுத்துரைக்கிறார். தொழில், அதனைச் செய்வோன், அதற்கு உட்படும் பொருள், அது நிகழும் இடம், காலம், துணையாகும் கருவி, யாருக்காக அது செய்யப்படுகிறது என்பது, எப்பயன் கருதி என்பது ஆகிய இவையே அவை. இவ்வெட்டும் எல்லா வினையிலும் வருமோ எனின், வாரா. வழக்கிற் சில குறைந்தும் வரும் என்று அடுத்துக் கூறுகிறார். எட்டு என்பது பெரிதன்று; குறைந்தும் வரும் என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. எந்த வினைக்கு எக்கூறு இன்றியமையாதது, எக்கூறு வாராதொழியலாம் என்ற கேள்வியே வினை வகைப்பாட்டின் உயிர்நிலையாகும். மேற்கே லூசியன் தெனியே என்ற பிரெஞ்சு அறிஞரின் நூல் 1959இல் வெளியானபோது, வினையை நடுவே வைத்து, அது எத்தனை பங்காளிகளை வேண்டி நிற்கிறது எனக் கணக்கிடும் முறை அங்கு பரவியது. 1968இல் சார்ள்ஸ் ஃபில்மோர் செய்வோன், கருவி, இடம் முதலிய உறவுகளை வாக்கியத்தின் அடித்தளமாகக் கொண்டார். ‘இவையெல்லாம் தமிழிலே முன்பே உண்டு’ என்று மார்தட்டுவதற்காக இவை இங்கு கூறப்படவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சால் ஒரு மாணவனும் ஓர் ஆங்கில வாக்கியம் எழுதக் கற்றதில்லை. கூறவேண்டியது வேறு. மாணவன் ஏற்கெனவே அறிந்த ஒன்றின் மேல் ஆங்கிலத்தை நிறுத்த இயலும் என்பதே அது.

‘புட்’ என்ற வினையை எடுத்துக்கொள்க. ‘அவன் வலையை வைத்தான்’ என்று தமிழிற் கூறி நிறுத்தலாம். எங்கே என்பது கேட்போனுக்குத் தெரிந்திருந்தாற் போதும். ஆங்கிலத்தில் அங்ஙனம் நிறுத்தல் இயலாது. இடத்தைக் கூறியே தீரவேண்டும். இடம் என்ற கூறு தமிழ் வினைக்குக் குறைந்தும் வரும். இவ்வாங்கில வினைக்குக் குறையாது. குவேர்க் கட்டாய அடை என்று கூறுவது இதனையே. சூத்திரத்தின் இறுதியிலுள்ள ஓர் எழுத்தாக மனனஞ் செய்யப்பட்டு மறக்கப்படும் இது, இடம் குன்றுமா குன்றாதா என்ற வினாவாகக் கேட்கப்படின் ஒருபோதும் மறக்கப்படாது.

இனி நன்னூலுக்கு வரலாம். பவணந்தியார் இரண்டாம் வேற்றுமையின் பொருள்களை ஆறாகச் சுருக்கினார். ஒன்றை உண்டாக்குவது, இல்லாமற் செய்வது, ஓரிடத்தை எய்துவது, ஒன்றை விட்டகல்வது, ஒன்றுக்கு நிகராவது, ஒன்றைத் தனதாக வைத்திருப்பது என அவற்றை விளக்கலாம். க.பொ.த. சாதாரண தரத்தில் தமிழ் பயின்ற எவரும் இதனை ஒருமுறையேனும் கேட்டிருப்பர். இவ்வாறு பொருளுக்கும் உரிய ஆங்கில வினைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். ‘மேக்’, ‘டிஸ்ட்றோய்’, ‘றீச்’, ‘லீவ்’, ‘றிசெம்பிள்’, ‘ஹாவ்’ ஆகிய ஆறும் முன்னிடைச்சொல் எதுவுமின்றி நேரே செயப்படுபொருளைத் தழுவுவன. மாணவர் அடிக்கடி பிழைவிடுமிடமோ இவற்றுட் சிலவே. ‘றீச்’ என்பதன் பின் ‘ரு’ என்ற முன்னிடைச்சொல்லைச் சேர்ப்பதும், ‘றிசெம்பிள்’ என்பதன் பின் ‘லைக்’ என்பதைச் சேர்ப்பதும் எங்கும் காணப்படும் பிழைகள்.

ஏன் இப்பிழை? மாணவனின் மனத்தில் ஓடுவது ‘மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தான்’ என்பது. ‘தகப்பனைப் போல இருக்கிறான்’ என்பது. குவ்வுருபு ‘ரு’ ஆகிறது. போல என்பது ‘லைக்’ ஆகிறது. ஆசிரியர் அப்பிழையைச் சிவப்பு மையினால் வெட்டிவிட்டு, தமிழில் நினைப்பதே குற்றம் என்று கடிந்துகொள்கிறார். ஆயின் அவன் தமிழில் நினைத்தமை குற்றமன்று. தமிழிலே தனக்குரிய மற்றொரு வினையை நினையாமையே குற்றம். ‘மட்டக்களப்பை அடைந்தான்’, ‘தந்தையை ஒத்தான்’ என்று அவன் நினைத்திருப்பின் ஐயுருபு ஆங்கிலச் செயப்படுபொருளின் இடத்தில் அப்படியே அமர்ந்திருக்கும். வாவியைக் கடந்தான், கரையை அணுகினான், ஊரை நீங்கினான் என்பனவும் அவ்வாறே. ஒரு விடயம் ‘பற்றி’க் கலந்துரையாடினர் என்று நினைப்பவன் ‘டிஸ்கஸ்’ என்பதன் பின் ‘எபவுட்’ என்பதைச் சேர்த்துவிடுவான். அவ்விடயத்தை ஆராய்ந்தனர் என்று நினைப்பவன் சேர்க்கமாட்டான். செந்தமிழ் வினைகள் பலவற்றின் ஐயுருபு ஆங்கிலத்துக்கு அணித்தாக நிற்கின்றது. மட்டக்களப்பாரின் பேச்சுத் தமிழ் ஏனைய பேச்சு வழக்குகளிலும் பார்க்க இலக்கியத் தமிழை ஒட்டியது என்று செக் நாட்டறிஞர் கமில் சுவெலபில் கருதியதை இங்கு நினைவுகூரலாம். அத்தகைய பிரதேசத்துப் பிள்ளைக்கே தமிழை மறந்துவிட்டு ஆங்கிலம் படி என்ற உபதேசம் வழங்கப்படுகிறது.

இவ்வழி எல்லா இடத்தும் செல்லும் என்று கூறுவது பொய்யாகும். நிலாக்காலத்திலே கல்லடிப் பாலத்தருகில் பாடும் மீனின் ஒலியைக் கேட்டான் என்னும்போது தமிழில் ஐயுருபு வருகிறது. ஆங்கிலத்திலோ செவியிற் பட்டதாயின் ‘ஹியர்’ என்பதுடன் எதுவும் வேண்டா. செவிகொடுத்துக் கேட்டதாயின் ‘லிஸின்’ என்பதுடன் ‘ரு’ வேண்டும். தமிழின் ஒரு வினை அங்கு இரண்டாகப் பிரிகிறது. அவ்வாறே எனக்குக் கொடு, எனக்கு விளக்கு என இரண்டிடத்தும் தமிழ் ஒரே குவ்வுருபைத் தருகிறது. ஆங்கிலம் முதலாவதற்கு இரட்டைச் செயப்படுபொருளை அனுமதித்து, இரண்டாவதற்கு மறுக்கிறது. முற்கூறிய ‘எக்ஸ்பிளெயின் மீ’ பிறக்கும் இடம் இதுவே. இத்தகைய இடங்களிலே தமிழ் காட்டும் வழியே குழிக்கும் கொண்டுசெல்லும். எனவே எவ்வினைகளில் இரு மொழியும் ஒத்துச் செல்கின்றன, எவ்வினைகளில் பிரிகின்றன என்ற பட்டியலே மாணவன் கையில் இருக்கவேண்டிய பட்டியல். ஹோண்பி யப்பானியருக்குச் செய்த வேலை அதுவே. தமிழருக்கு அதனைச் செய்யவேண்டியோர் தமிழறிந்த ஆங்கில விரிவுரையாளரும், ஆங்கிலமறிந்த தமிழ் விரிவுரையாளரும் ஆவர். இரு துறைகளும் ஒரே பீடத்தில் இருந்தும் ஒன்று மற்றொன்றின் நூலைத் திறவாதிருப்பது விந்தையே.

அமைப்பு என்ற ஒன்று ஆங்கிலத்துக்கு ஏன் இத்துணை முக்கியமாகிறது என்ற அடிப்படைக் கேள்வியும் வகுப்பறையில் எழுப்பப்படுவதில்லை. ‘முதலையை மீனவன் கண்டான்’ என்றாலும், ‘மீனவன் முதலையைக் கண்டான்’ என்றாலும் தமிழிற் கண்டவன் மீனவனே; உருபு அதனைக் காத்துநிற்கிறது. ஆங்கிலத்தில் இரு பெயர்களையும் இடம்மாற்றினால் முதலை மீனவனைக் கண்டுவிடும். பழைய ஆங்கிலத்துக்கும் வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்தொழிந்தபின் அவற்றின் கடமையை இடம் ஏற்றுக்கொண்டது. தமிழில் உருபு செய்வதை ஆங்கிலத்தில் இருக்கை செய்கிறது என்ற இவ்வொரு செய்தியை முதல் நாளிலே கூறியிருப்பின், ஏழு அமைப்புகளும் சூத்திரங்களாகத் தோன்றாமல் இருக்கை வரிசைகளாகத் தோன்றியிருக்கும். எழுவாயின் இருக்கை வெறுமையாய் இருத்தலாகாது என்பதும் விளங்கியிருக்கும். மழை பெய்கிறது என்பதற்கு ஆங்கிலத்தில் ‘இட்’ என்று தொடங்கவேண்டும் எனக் கற்பிக்கும்போது, அந்த ‘இட்’ எது என்று ஒரு பிள்ளை கேட்பதுண்டு. ‘அது அப்படித்தான்’ என்பதே அதற்குக் கிடைக்கும் விடை. வெறும் இருக்கையை நிரப்ப வந்த பொம்மை அது என்பதை அப்பிள்ளையிடமிருந்து மறைப்பதால் யாருக்கு என்ன இலாபம்?

எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தெரியும், எனக்கு வேண்டும் என்னும் வாக்கியங்களும் இவ்விடத்தே நோக்கத்தக்கன. தமிழில் உணர்வோ அறிவோ ஒருவனிடம் வந்து சேர்கின்றது. அவன் அதனைப் பெறுமிடமே ஆகின்றான். எனவே நான்காம் வேற்றுமை. ஆங்கிலம் அவனைத் தூக்கி எழுவாயின் இருக்கையில் அமர்த்தி, அறிதலும் வேண்டுதலும் அவன் செய்யும் தொழில்கள்போலக் காட்டுகிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவனுக்கு ‘ரு மீ’ என்று தொடங்கும் பிழை நேராது.

வினைகளின் இயல்பு யாவற்றுள்ளும் வளமானது தன்வினை, பிறவினை என்னும் பகுதியாகும். வாவியிலே தோணி கவிழ்ந்தது; காற்று தோணியைக் கவிழ்த்தது. கலம் உடைந்தது, பிள்ளை கலத்தை உடைத்தது. கல் உருண்டது, ஒருவன் கல்லை உருட்டினான். மெல்லெழுத்து வல்லெழுத்தாவதாலும், ந்த் என்பது த்த் ஆவதாலும் தமிழ் இரண்டையும் செவிக்கே வேறாகக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘பிறேக்’, ‘றோல்’, ‘ஓப்பன்’, ‘சிங்க்’ முதலிய எண்ணிறந்த வினைகள் இரண்டிடத்தும் ஒரே வடிவில் நிற்கின்றன. கலம் உடைந்தது என்பதற்கும் அதே ‘பிறேக்’. பிள்ளை உடைத்தது என்பதற்கும் அதே ‘பிறேக்’. பின்னே ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்பதே வேறுபாடு. தமிழ் மாணவன் இதனை நம்ப மறுக்கின்றான். வடிவம் மாறாமல் பொருள் மாறுவது அவனுக்கு அநீதியாகப் படுகிறது. எனவே கலம் உடைந்தது என்பதற்குச் செயப்பாட்டு வினையைத் தேடி, ‘வொஸ் புறோக்கின்’ என்று எழுதுகின்றான். அதனால் யாரோ உடைத்ததாகப் பொருள் திரிகிறது. தானே உடைந்ததைக் கூற அவனிடம் வாக்கியம் இல்லாமற் போகிறது.

இதற்குரிய திறவுகோல் மாணவனின் வாயிலேயே இருப்பது வேடிக்கை. கதவு திறந்தது, அவன் கதவைத் திறந்தான். ‘திற’ என்ற தமிழ் வினை ‘ஓப்பன்’ என்ற ஆங்கில வினையைப் போலவே இரண்டிடத்தும் வடிவு மாறாது நிற்கிறது. ஆங்கிலத்தின் பெரும்போக்கு தமிழில் இவ்வாறு ஓரிடத்தே ஒளிந்திருக்க, அதனைத் தொடக்கமாகக் கொண்டு கற்பித்தவர் எத்தனை பேர்? இதற்கு மறுதலையும் உண்டு. தமிழின் பெரும்போக்கு ஆங்கிலத்தில் சில சொற்களில் எச்சமாக நிற்கிறது. ‘லை’ என்றால் கிடத்தல், ‘லே’ என்றால் கிடத்துதல். ‘றைஸ்’ எழுதல், ‘றெய்ஸ்’ எழுப்புதல். ‘ஃபோல்’ வீழ்தல், ‘ஃபெல்’ மரத்தை வீழ்த்துதல். ஆங்கிலேயரே ‘லை’, ‘லே’ இரண்டையும் மயங்கிக் குழப்புவர். வீழ்ந்தது, வீழ்த்தினான் என்ற வேறுபாட்டைத் தாய்ப்பாலோடு பருகிய தமிழ்ப் பிள்ளைக்கு இவ்விணைகளை ஒரு பாடவேளையில் விளங்கவைத்துவிடலாம். ஆயினும் அவை ‘குழப்பந்தரும் சொற்கள்’ என்ற தலைப்பின்கீழ் வேறு நூறு சொற்களோடு சேர்த்து மனனத்துக்கு விடப்படுகின்றன.

தன்வினை பிறவினைப் பாகுபாடும், செயப்படுபொருள் குன்றிய வினை குன்றாவினைப் பாகுபாடும் ஒன்றே என்று கற்பிக்கும் தமிழாசிரியரும் இங்குக் குற்றத்திற் பங்காளரே. அணுகினான் என்பது மெலிந்த வடிவினது, எனினும் ஐயுருபை ஏற்கிறது. சிரித்தான் என்பது வலிந்த வடிவினது, எனினும் செயப்படுபொருளை வேண்டுவதில்லை. கு. பரமசிவம் 1979இல் ஆங்கிலத்தில் வெளியான தம் ஆய்வு நூலிலே இவ்விரு பாகுபாடும் வெவ்வேறெனத் தக்க காரணங்காட்டி நிறுவியுள்ளார். கிழக்கிலங்கையைச் சேர்ந்த எம். ஏ. நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணம் 1999இல் வெளிவந்து, தற்காலத் தமிழைத் தற்கால நோக்கில் விளக்கும் நூலொன்று மாணவர் கைக்கு எட்டியது. தமிழ் வினையே தெளிவாகக் கற்பிக்கப்படாத இடத்தில் அதன்மீது ஆங்கில வினையை நிறுத்துவது எங்ஙனம் என்ற வினா நியாயமானதே. அதற்கு விடை ஆங்கில வகுப்பைத் தமிழிலிருந்து பிரிப்பதன்று. தமிழ் வகுப்பைத் திருத்துவது.

மொழியியல் கற்ற சிலர் இவ்விடத்தில் மறுப்பொன்றை எழுப்புவர். இரு மொழிகளை ஒப்பிட்டுப் பிழைகளை முன்னறியலாம் என்ற றொபேட் லாடோவின் 1957ஆம் ஆண்டுக் கொள்கை பழமையாகிவிட்டது. 1967இல் பிற் கோடர் எழுதிய கட்டுரையோடு அதன் செல்வாக்குக் குன்றத் தொடங்கியது. கற்போரின் பிழைகள் பல தாய்மொழியால் வருவன அல்ல என்பர். உண்மையே. பன்மை விகுதியை மறத்தல், இறந்தகால விகுதியைத் தவறவிடுதல் போன்றவை தமிழருக்கு மட்டும் உரியனவல்ல. ஆனால் கோடர் கூறியது பிழை கற்போனின் மனத்திலுள்ள முறைமைக்குச் சான்று என்பதே. ‘றீச் ரு’ என்று எழுதியவனின் மனத்திலுள்ள முறைமை குவ்வுருபாயின், அதனை ஆராயாது விடுவது கோடருக்கும் உடன்பாடாகாது. எல்லாப் பிழைக்கும் தமிழே காரணமன்று என்பதிலிருந்து எப்பிழைக்கும் தமிழ் காரணமன்று என்று முடிவுகட்டுவது தருக்கமாகாது.

இம்மண்ணுக்கு இவ்வழி புதியதுமன்று. 1892இல் காரைதீவிலே பிறந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமாகிய விபுலாநந்த அடிகள், 1926இல் வெளியான மதங்கசூளாமணியிலே சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபுக்குரிய கருத்துகளைக் கொண்டே விளக்கினார். ஆங்கிலத்தை அறிதற்குத் தமிழைக் கழற்றிவைக்க வேண்டுமென்ற எண்ணம் அவரிடம் இருந்ததில்லை. அவருடைய சிலைக்கு ஆண்டுதோறும் மாலை சூட்டுவோர், அவர் நாடகத்திற் செய்ததை வினைச்சொல்லிற் செய்து பார்ப்பின் அது மாலையிலும் மணக்கும்.

இதனை வெறும் வகுப்பறைச் சச்சரவென்று தள்ளிவிடல் இயலாது. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலே சிங்கள மாணவர் ஆங்கிலத்தை ‘கடுவ’, அதாவது வாள், என்று குறிப்பிடும் வழக்கத்தை மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் வெளியான கட்டுரையொன்றில் ஆராய்ந்தார். உள்ளோன் இல்லோனை வெட்டும் கருவி அது என்பது கருத்து. தாய்மொழிக் கல்வி கிராமத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. ஆயின் உள்ளே நூலகத்தின் பெரும்பகுதி அவனுக்கு மூடியே கிடக்கிறது. பட்டம் பெற்றபின் நேர்முகப் பரீட்சையிலே அவன் நான்காண்டு கற்றதைக் கேட்பவர் இல்லை. அவன் வாய் திறந்து கூறும் முதல் ஆங்கில வாக்கியத்தைக் கொண்டே அவன் அளக்கப்படுகின்றான். ‘ரு’ என்ற ஒரு சிறு சொல் வேண்டாத இடத்தில் வந்துவிட்டமைக்காக ஒருவனின் அறிவு முழுவதும் ஐயுறப்படுகிறது. குருமண்வெளித் துறையிலே பாதையேறி வாவியைக் கடந்து பாடசாலைக்குச் சென்றுவந்த பிள்ளைக்கு வாவியைக் கடத்தலில் ஐயுருபு வருவதை ஆங்கிலத்தோடு பொருத்திக் காட்ட ஒருவர் இருந்திருப்பின், அவ்வாள் அவன்மீது இத்துணை எளிதாக வீழ்ந்திராது.

இறுதியாக ஓர் ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்திலே சிங்கள மாணவரும் பயில்கின்றனர். அவர்களும் அமர்ந்துள்ள வகுப்பில் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் எங்ஙனம் எடுத்துரைப்பது என்பர் சில விரிவுரையாளர். சிங்களத்தை ஒருமுறை செவிமடுத்தால் இவ்வச்சம் நீங்கும். பசிக்கிறது என்பதற்குச் சிங்களவரும் ‘மட்ட படகினி’ என்று எனக்கு என்னும் வேற்றுமையிலேயே தொடங்குவர். உடைத்தல் ‘கடனவா’ என்றும் உடைதல் ‘கெடெனவா’ என்றும் அவர்கள் மொழியிலும் வினை இருவடிவாகவே நிற்கிறது. ‘பிறேக்’ என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, தமிழ் மாணவன் ஒருவனையும் சிங்கள மாணவன் ஒருவனையும் அழைத்து, அதன் இருபுறமும் தத்தம் மொழியின் இரு வடிவங்களையும் எழுதச்செய்ய விரிவுரையாளருக்கு ஐந்து நிமிடமும் ஒரு வெண்கட்டியுமே தேவைப்படும்.